ஹெரால்டின் சேஸ் வளைந்தால்: லாரிப் பட்டறையா, பெஞ்ச் மெஷினா, வேறு சேஸா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் ரிவர்ஸ் எடுத்த ஒரு டிரெய்லர், அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் இடது முன்பக்கத்தை அழுத்திவிட்டது. பம்பரும் ஒரு விளக்கும்தான் போயிற்று என்று நினைத்தோம். பானட்டைச் சாத்தியபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஹெரால்டின் பானட், மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். அதன் கீல், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸின் முன்முனையில் இருக்கிறது. வலது பக்கம் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, இடது பக்கம் தாள்கூட நுழையவில்லை.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸ் கிடையாது, பாடியேதான் சட்டம். 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஹெரால்டு அப்படியல்ல. நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்ட பாடி. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் உள்ள பேக்கிங்கைக் கூட்டிக் குறைத்தே கதவு இடைவெளியைச் சரியாகக் காட்டிவிடலாம். உள்ளே சேஸ் கோணலாகவே இருக்கும். பழைய ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் கதவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

முதலில் அலைன்மென்ட் கடைக்குத்தான் போனோம். கணினித் திரையைப் பார்த்து "சேஸ் அவுட்" என்றார்கள். அந்த மெஷின் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் வளைந்தாலும் அதே எண்தான் வரும், சேஸ் வளைந்தாலும் அதே எண்தான். விஷ்போனும் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டும் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. அவற்றைக் கழற்றிப் பார்க்காமல் சேஸைத் தொடவே கூடாது.

அப்புறம் தண்டையார்பேட்டையில் லாரி சேஸ் வேலை செய்யும் ஒரு மேஸ்திரியிடம் போனேன். அவரிடம் இருந்தது கொத்தனார் தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப், சாக்பீஸ். வண்டியைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டில் ஏற்றினார். இரண்டு சட்டத்திலும் எதிரெதிராக இருக்கும் ஒரே மாதிரியான ஓட்டைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, தரையில் புள்ளி வைத்தார். இப்படி எட்டுப் புள்ளிகள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார். பின்பாதியில் இரண்டு குறுக்களவும் ஒன்று. முன்பாதியில் 14 மில்லிமீட்டர் வித்தியாசம். ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தால் முன்னும் பின்னும் குமிழி ஒரே இடத்தில் நின்றது. அதாவது முறுக்கு இல்லை, இடது சட்டம் மட்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. இடது சட்டத்தின் உள்பக்கம் விரலால் தடவச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு, அதன்மேல் பெயின்ட் பொரிந்திருந்தது. கண்டுபிடிப்பதைப் பொறுத்தவரை என் ஓட்டு தூக்குக்குண்டுக்குத்தான்.

சரி, இனி நிமிர்த்துவது.

பெரிய பாடிஷாப்களில் இருக்கும் பெஞ்ச் மெஷின் அருமையான கருவி. வண்டியை அசையாமல் பிடித்து, வேண்டிய கோணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். ஆனால் அதன் கிளாம்ப்புகள் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பைக் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டவை. ஹெரால்டை அங்கே பிடித்து இழுத்தால் பாடிதான் கிழியும். சேஸைப் பிடிக்கத் தனி அடாப்டர் வேண்டும். நான் விசாரித்த இடத்தில் அதுவும் இல்லை, கணினியில் ஹெரால்டின் அளவும் இல்லை. அம்பாசடர், பத்மினி என்றால் தயங்காமல் பெஞ்சுக்கே போகச் சொல்வேன்.

லாரிப் பட்டறையில் இருப்பது செயினும் ஹைட்ராலிக் ஜாக்கியும். அங்கே பயப்பட வேண்டியது கேஸ் நெருப்புக்கு. மூலக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில், சிவக்கச் சுட்டு அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்றார்கள். லாரியின் கனத்த சட்டத்துக்குப் பழகிய கை அது. ஹெரால்டுடையது மெல்லிய தகட்டில் செய்த பெட்டிச் சட்டம். சிவக்கச் சுட்டால் இரும்பு இளகி, பக்கத்தில் வேறு இடம் நெளியும், செதில் செதிலாக உரியும். ஆறும்போது சுருங்கி அளவையும் மாற்றும். தண்டையார்பேட்டை மேஸ்திரி, "நெருப்பு காட்டவேணாம் தம்பி, ரெண்டு நாள் ஆனா ஆவட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டியை அவரிடம் விட்டேன்.

மூன்றாவது வழி, புதுப்பேட்டையில் தேடி வேறு சேஸ் வாங்கிப் போடுவது. கிடைத்தாலும் அதன் நம்பர் உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் அல்ல. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

இந்த மூன்றையும்விட முக்கியமான கேள்வி துரு. காசிமேடு, திருவொற்றியூர்க் கடல்காற்றில் நின்ற வண்டியின் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். "ணங்" என்றால் இழுக்கலாம். மொத்தென்று உள்ளே போனால் எந்த மெஷினும் உதவாது. செயின் இழுக்கும்போது துருப்பிடித்த இடம்தான் கிழியும். அந்தத் துண்டை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வளைத்து வெல்ட் செய்வதுதான் வழி, அதுவும் முழு வண்டியையும் அளந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

எங்கள் வண்டியில் சட்டம் கெட்டி. பின்பக்கக் கை இரண்டு மட்டும் பொத்தல். மேஸ்திரி கொஞ்சம் அதிகமாகவே இழுத்து, செயின் இறுக்கத்தில் இருக்கும்போதே மடிப்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, தளர்த்தி, மறுபடி அளந்தார். இரும்பு பழைய இடத்துக்கே கொஞ்சம் திரும்பும். 14 என்பது 9 ஆனது, பிறகு 5, இரண்டாம் நாள் மாலை 2. பானட்டை அப்பாதான் சாத்தினார். இரண்டு பக்கமும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். இப்போது பின்பக்கக் கைகளுக்குத் தகடு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.