ஏ.சி.டி.எச்., பிரெட்னிசோலோன், விகாபாட்ரின்: கைக்குழந்தையின் குலுக்கல் வலிப்புக்கு எது முதலில்?

எங்கள் மகளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் குனியும். இரண்டு கைகளும் எதையோ அணைக்கப் போவதுபோல விரியும். ஒரு விநாடியில் எல்லாம் தளர்ந்துவிடும். சில விநாடிகள் கழித்து மறுபடியும் அதே குலுக்கல் வரும். இப்படி இருபது முப்பது தடவை வந்து ஓய்ந்த பிறகுதான் அழுவாள். வயிற்றுவலி என்றார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, தெருவில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு பாட்டி சேலையில் போட்டு உருட்டியும் விட்டார். பதினோரு நாள் அப்படியே போனது. என் கணவர் கைபேசியில் எடுத்து வைத்திருந்த நாற்பது விநாடிக் காணொளியைப் பார்த்த குழந்தை நரம்பியல் மருத்துவர், வேறெதுவும் கேட்காமல், அன்றே தூக்கத்தில், மூளையின் மின் அலைகளை வரைந்து காட்டும் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார்.

அந்த வரைவில் ஒழுங்கே இல்லாமல் உயர்ந்தும் தாழ்ந்தும் கிடந்த கோடுகளுக்கு ஹிப்சாரித்மியா என்று பெயர். அந்தக் கோடுகளோடு இந்தக் குலுக்கலும் சேர்ந்து வருவதுதான் இன்ஃபன்டைல் ஸ்பாசம். குழந்தையின் வளர்ச்சியும் தடைப்பட்டால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1841-ல் தம் சொந்த மகனுக்கு வந்த இந்தக் குனிவை விவரித்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட்டின் பெயரே நோய்க்கும் நின்றுவிட்டது. பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் இடையில் தொடங்கும் இந்த வலிப்பு, பார்க்க எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மூளை வளரும் காலத்திலேயே அதன் வளர்ச்சியைக் கெடுப்பதால், மருந்தைத் தேர்வு செய்ய மாதக்கணக்கில் யோசிக்க முடியாது. எங்களுக்குக் கிடைத்தது ஓர் இரவு.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஃபிட்ஸ் என்றதும் வழக்கமாக எழுதப்படும் லெவிடிராசிட்டம், வால்ப்ரோயேட், பீனோபார்பிடோன் ஆகியவை இந்த வலிப்புக்கு முதல் வரிசை மருந்துகள் அல்ல. கார்பமசிபின் சில குழந்தைகளுக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும். வேறு வலிப்புக்கு நன்றாகக் கேட்கிற மருந்து இதற்குக் கேட்கவில்லை என்பதை அறியாமல் மாதங்களைக் கழித்த பெற்றோரை மருத்துவமனை வரிசைகளில் நான் பார்த்திருக்கிறேன். உண்மையான போட்டி மூன்று மருந்துகளுக்கு இடையில்தான்: தசையில் போடும் ஏ.சி.டி.எச். ஊசி, வாய்வழி கொடுக்கும் பிரெட்னிசோலோன், விகாபாட்ரின். முதல் இரண்டும் ஹார்மோன் வகையைச் சேர்ந்தவை. ஊசியானது உடலின் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஸ்டீராய்டைச் சுரக்க வைக்கிறது. பிரெட்னிசோலோனோ நேரடியாகவே ஸ்டீராய்டு. விகாபாட்ரின் முற்றிலும் வேறு வழியில் செல்கிறது: மூளையின் மின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், காபாவின் அளவு கூடுகிறது.

ஊசியையும் பிரெட்னிசோலோனையும் ஒப்பிடும்போது, பழைய கருத்து ஊசியின் பக்கமே சாய்ந்திருந்தது. அதற்குக் காரணம் 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு. அதில் ஊசி போடப்பட்ட 15 குழந்தைகளில் 13 பேருக்கு வலிப்பு நின்றது; பிரெட்னிசோலோனுக்கு நெருங்கிய ஸ்டீராய்டான பிரெட்னிசோன் கொடுக்கப்பட்ட 14 பேரில் 4 பேருக்கு மட்டுமே நின்றது. இந்த எண்ணிக்கையை மட்டும் கேட்ட எந்தத் தாயும் ஊசியைத்தான் கேட்பாள், நானும் கேட்டேன். ஆனால் அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டின் அளவு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. மட்டுமே. டெல்லியில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு இந்த அளவையே சோதித்தது: கிலோவுக்கு 2 மி.கி. கொடுத்தபோது 25 சதவீதக் குழந்தைகளுக்கும், அதை 4 மி.கி.யாக உயர்த்தியபோது 51.6 சதவீதக் குழந்தைகளுக்கும் பதினான்கு நாளில் வலிப்பு நின்றது. ஆக, பிரெட்னிசோலோன் தோற்றது என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, அளவு போதாமையால் வந்த தோல்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டனில் நடந்து 2004-ல் வெளியான 107 குழந்தைகளின் ஆய்வில், நாளொன்றுக்கு 40 மி.கி.யில் தொடங்கித் தேவைப்பட்டால் 60 மி.கி. வரை பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். அதைப் பெற்ற 30 பேரில் 21 பேருக்கும், செயற்கை ஏ.சி.டி.எச். ஆன டெட்ராகோசாக்டைடு ஊசியைப் பெற்ற 25 பேரில் 19 பேருக்கும் வலிப்பு நின்றது. அதாவது இரண்டுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனை மருத்துவர்கள் 97 குழந்தைகளிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் ஒரு படி மேலே போய், பதினான்காம் நாளில் பிரெட்னிசோலோன் கொடுக்கப்பட்டவர்களில் 58.3 சதவீதமும் ஊசி போடப்பட்டவர்களில் 36.7 சதவீதமும் குணம் கண்டதாகச் சொல்கிறது. அமெரிக்காவில் பயன்படுத்தப்படும் ஊசி விலங்குச் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவது, அங்கே கொடுக்கும் அளவும் அதிகம் என்பதால், இந்த ஆய்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. ஆயினும் தினந்தோறும் ஒரு பச்சைக் குழந்தையின் தொடையில் ஊசி குத்துவதையும், குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டிய மருந்தை ஊர் ஊராகத் தேடுவதையும் நியாயப்படுத்தும் அளவுக்கு ஊசிக்குத் தெளிவான மேன்மை இருப்பதாக நான் கருதவில்லை. விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அமெரிக்காவில் இந்த ஊசியின் ஒரு குப்பி 2007-ல் ஒரே அடியாக 1,650 டாலரிலிருந்து 23,000 டாலருக்கு உயர்த்தப்பட்டது. பிரெட்னிசோலோன் நம் ஊரில் எந்தத் தெருமுனை மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

விகாபாட்ரினின் கதை வேறு. மேற்சொன்ன 2004 ஆய்வில், ஹார்மோன் மருந்து பெற்ற 55 பேரில் 40 பேருக்கு வலிப்பு நின்றபோது, விகாபாட்ரின் பெற்ற 52 பேரில் 28 பேருக்கே நின்றது. இதோடு நிறுத்தினால் விகாபாட்ரின் தோற்றதாகத்தான் தெரியும். ஆனால் அதே குழந்தைகளைப் பதினான்கு மாத வயதில் மறுபடியும் பார்த்தபோது, வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஹார்மோன் பிரிவில் 75 சதவீதம், விகாபாட்ரின் பிரிவில் 76 சதவீதம். பிந்தி வந்த மருந்து எட்டிப் பிடித்துவிட்டது. இருந்தும், வலிப்புக்குக் காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், ஹார்மோன் பெற்றவர்களின் வளர்ச்சி மதிப்பெண் சராசரியாக 88, விகாபாட்ரின் பெற்றவர்களுக்கு 79 என்று இருந்தது. பிந்தியாவது நின்றதே என்று ஆறுதல் கொள்ள முடியாமல் செய்கிற எண்கள் இவை.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற மரபணு நோயால் வரும் குலுக்கல் வலிப்பில் விகாபாட்ரினே முதல் மருந்து. பிரான்சில் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில் அதைப் பெற்ற 11 குழந்தைகளுக்கும் வலிப்பு நின்றது, ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்ற 11 பேரில் 5 பேருக்கே நின்றது. ஆகவேதான் எங்கள் மருத்துவர் மருந்துச் சீட்டை எடுக்கும் முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா நிறம் வீசும் ஒரு சிறு விளக்கைக் குழந்தையின் முதுகிலும் தொடையிலும் பிடித்து, இலை வடிவில் வெளிறிய திட்டுகள் உண்டா என்று தேடினார். எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பின்பகுதியில் தழும்பு தெரிந்தது: பிறந்த மூன்றாம் நாள் பால் சரியாகக் குடிக்காமல் இரத்தச் சர்க்கரை இறங்கியதன் விளைவு. நம் நாட்டுக் குழந்தைகளிடம் இந்த வலிப்புக்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. எந்த மருந்து வலியது என்ற கேள்வியோடு உள்ளே போன நாங்கள், எந்தக் காரணத்தால் வந்தது என்ற கேள்வியோடு வெளியே வந்தோம். தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி பக்க விளைவுகளைப் பொறுத்தது. ஹார்மோன் மருந்தின் தீங்குகள் கண்ணுக்குத் தெரியும், வேகமாக வரும், பெரும்பாலும் மருந்தை விட்டதும் விலகும். முகம் பூரித்து வட்டமாகும், பசி அடங்காது, இரவு முழுவதும் எரிச்சலும் அழுகையும் இருக்கும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம். எங்கள் மகளுக்கு இரண்டாம் வாரத்தில் கன்னம் காது வரை உப்பியது. அதைப் பார்த்த உறவினர்கள் குழந்தை தேறிவிட்டாள் என்று திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். தெரியாமல் வரும் ஆபத்து தொற்றுதான். உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் அந்த வாரங்களில் காய்ச்சல்கூட வெளிக்காட்டாமல் தொற்று முற்றலாம் என்பதால், வீட்டில் காசநோய் உள்ளவரோ அம்மை போட்டவரோ இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். எவ்வளவு காலம் என்பதைத் தேதியோடு தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மருந்தைத் திடீரென நிறுத்தவே கூடாது. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருவதால் அட்ரினல் சுரப்பி உறங்கிக் கிடக்கும்போது, அந்த ஸ்டீராய்டும் நின்றால் குழந்தை சுருண்டுவிடும்.

விகாபாட்ரின் கொடுக்கும்போது வீடு அமைதியாக இருக்கும். குழந்தை கொஞ்சம் அதிகம் தூங்கும், உடல் சற்றுத் துவளும், அவ்வளவுதான். ஆனால் அதன் பெரிய தீங்கு கண்ணில் நேர்கிறது: பார்வையின் ஓரப்பகுதி மெல்லச் சுருங்கி, மீளாமலே நின்றுவிடலாம். நீண்ட காலம் இதை உட்கொண்ட பெரியவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இது காணப்பட்டது. கைக்குழந்தையால் ஓரத்தில் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. வழக்கமான பார்வைப் புலச் சோதனையையும் அதற்குச் செய்ய முடியாது. அளவும் காலமும் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பதால், சுமார் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். மூளையின் பின்பகுதியில் ஏற்கெனவே அடிபட்டு, பார்வை குறைந்திருக்கும் எங்கள் மகளைப் போன்ற குழந்தையிடம் மிச்சமுள்ள பார்வையையும் பணயம் வைப்பதா என்ற தயக்கமே, முதல் மருந்தாகப் பிரெட்னிசோலோனை எங்களை எடுக்க வைத்தது.

அதைக் கொடுப்பது எளிது என்று நினைக்க வேண்டாம். கசப்பு மருந்தைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினால் பாதி கழுத்தில் வழியும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்ட பிறகுதான் எங்களுக்குக் கணக்கு நின்றது. விகாபாட்ரின் மாத்திரையை அளவான நீரில் கரைத்து அதில் குறிப்பிட்ட மி.லி. மட்டும் எடுப்பதற்கும் அதே சிரிஞ்சுதான்.

இரண்டையும் சேர்த்தே தொடங்கினால் என்ன என்ற கேள்விக்கும் விடை உண்டு. பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 377 குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 72 சதவீதத்துக்கும் ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதத்துக்கும் வலிப்பு நின்றது. பதினெட்டு மாத வயதில் வளர்ச்சியை அளந்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மருந்தின் தீங்கையும் முதல் நாளிலேயே ஏற்க வேண்டுமா, பதினான்கு நாள் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைச் சேர்க்கலாமா என்பது குழந்தையின் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவு. நான் இரண்டாம் வழியின் பக்கம். ஆனால் அந்தப் பதினான்கு நாள் பதினான்கு நாளாகவே இருக்க வேண்டும், இரண்டு மாதமாக நீளக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் நாளில் எங்கள் மகளுக்கு ஒரு நாளில் ஆறு தொடராக வந்தது இரண்டாகக் குறைந்தது, வீடே மகிழ்ந்தது. மருத்துவர் மட்டும் மகிழவில்லை. மற்ற வலிப்புகளில் பாதி குறைந்தால் அது முன்னேற்றம். இந்த வலிப்பில் முழுவதும் நின்று, தூக்கத்தில் எடுத்த இ.இ.ஜி.யிலும் அந்தக் கலைந்த கோடுகள் மறைந்தால் மட்டுமே மருந்து வென்றதாகக் கணக்கு. பதினான்காம் நாள் வரைவில் கோடுகள் அப்படியே இருந்தன. கண்ணைப் பற்றிய பயத்தை ஓரம் வைத்துவிட்டு விகாபாட்ரினைச் சேர்த்தோம். பிரெட்னிசோலோனைப் படிப்படியாகக் குறைத்தார்கள். விகாபாட்ரின் சேர்த்த ஒன்பதாம் நாளிலிருந்து குலுக்கல் வரவில்லை.

இ.இ.ஜி. எடுக்கும் இடங்களில் கூட்டம் அதிகம். தூங்கும் குழந்தைக்கு நேரம் ஒதுக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். எந்த மருந்தைத் தேர்ந்தாலும், முதல் வேளை கொடுக்கும் அன்றே பதினான்காம் நாளுக்கான நேரத்தைப் பதிந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.