கருத்துக்களம் அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பட்டர்வொர்த்தில் மீன் வளர்க்கும் நண்பர்கள் குழு ஒன்று தங்களுக்கென்று கருத்துக்களம் (உறுப்பினர்கள் கேள்வி கேட்டு விவாதிக்கும் இணையத்தளம்) அமைக்க ஒரு நிறுவனத்திடம் முன்பணம் கட்டப்போவதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் எங்களை ஏமாற்றிய அதே ஆட்கள்தான் போலிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். அந்த நண்பர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

எங்களுடையது வீட்டுத்தோட்டக் குழு. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலுமாக 130 பேர். பாதிப் பேர் அடுக்குமாடி வீட்டில் நான்கு தொட்டி வைத்திருப்பவர்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது குழு மளமளவென்று பெருகியது. எல்லாப் பேச்சும் புலனம் என்கிற வாட்ஸ்அப்பில்தான். ஆனால் புலனத்தில் போட்டது நாலு நாளில் அடியில் போய்விடும். "கறிவேப்பிலை மஞ்சளாகிறதே, என்ன செய்யலாம்?" என்ற கேள்வி மாதத்துக்கு ஐந்து முறை வரும். ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஐந்து முறையும் பொறுமையாகப் பதில் எழுதுவார். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, கீழே முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவாக இருக்கலாம், எதுவானாலும் முதலில் தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா பாருங்கள் என்பார். இதெல்லாம் ஓரிடத்தில் தலைப்பு வாரியாக நிற்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும் என்றுதான் கருத்துக்களம் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஆளுக்கு 20 ரிங்கிட் போட்டு 2,600 ரிங்கிட் சேர்ந்தது. தெரிந்தவர் மூலம் வந்தது அந்த நிறுவனம். விற்க வந்த தம்பி நல்ல தமிழில் பேசினார். "எங்கள் ஆட்களே சொந்தமாக எழுதிய மென்பொருள் அண்ணே, வேறு எங்கும் கிடைக்காது. நீங்கள் எதையும் தொட வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். அமைப்பதற்கு 2,600, அப்புறம் மாதம் 80. செயலில் காட்டிய மாதிரித் தளம் அழகாகவே இருந்தது. படம் ஏறியது, தமிழ் தெரிந்தது, கைபேசியிலும் ஒழுங்காக வந்தது. அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: நாங்கள் எழுதியதை நாளை வெளியே எடுக்க வேண்டுமென்றால் எப்படி எடுப்பது? அதைக் கேட்டிருந்தால் அந்தத் தம்பியின் முகத்திலேயே பதில் தெரிந்திருக்கும்.

ஒன்றரை வருடம் நன்றாகவே போனது. ஆசிரியர் ஐயா மட்டும் 214 பதிவு எழுதினார். அப்புறம் ஒருநாள் உறுப்பினர் அக்கா ஒருவர் அழுகிற குரலில் அழைத்தார். கூகிளில் எங்கள் குழுவின் பெயரைத் தேடித் தொட்டதும் சூதாட்டத் தளம் திறந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மகன், "அம்மா, இதெல்லாமா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டான். நான் முகவரியைத் தட்டி உள்ளே போனால் ஒன்றும் ஆகவில்லை. கூகிள் வழியாக, அதுவும் கைபேசியில் வருபவர்களை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இப்படிப்பட்ட ஊடுருவல்கள் தளத்தை நடத்துகிறவர் கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே அப்படி எழுதப்படுகின்றன. நிறுவனத்திடம் சொன்னேன். "அவங்க போனில் வைரஸ் இருக்கும் அண்ணே" என்று முடித்துவிட்டார்கள்.

பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது காட்டினேன். பக்கத்தின் மூலநிரலை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தான். பக்கத்தின் அடியில் நிறுவனம் தன் பெயரைப் போட்டிருந்தது. ஆனால் உள்ளே கோப்புகளின் பெயர்களிலும் நிரல் குறிப்புகளிலும் வேறொரு மென்பொருளின் பெயர் அப்படியே கிடந்தது. வெளிநாட்டில் விலைக்கு விற்கிற, பலரும் பயன்படுத்துகிற கருத்துக்கள மென்பொருள் அது. "மாமா, இது நல்டு காப்பி" என்றான். காசு கொடுத்து வாங்கியதா என்று பார்க்கும் உரிமச் சோதனையைப் பிடுங்கிவிட்டு இலவசமாகச் சுற்றில் விடும் திருட்டுப் பிரதிக்கு அந்தப் பெயராம். அதைப் பிடுங்குகிறவர்கள் வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு ஒன்றையும் உள்ளே வைத்து விடுவது வழக்கம். சூதாட்டத் தளம் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்றான். திருட்டுப் பிரதிக்கு உண்மையான நிறுவனம் ஓட்டை அடைத்து வெளியிடும் புதுப்பதிப்புகளும் வராது. 130 பேரின் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அதற்குள் இருந்தது. எல்லாரும் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அன்றிரவே புலனத்தில் போட்டேன். கை நடுங்கியது.

வெளியே வந்துவிடுகிறோம், எங்கள் பதிவுகளைக் கொடுங்கள் என்று கேட்டோம். அதற்கு 1,500 ரிங்கிட் கேட்டார்கள். தள முகவரியும் அவர்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பேசிப் பேசி 700க்கு இறங்கினார்கள். கட்டினோம். மூன்று வாரம் கழித்து ஒரு கோப்பு வந்தது. திறந்தால் ஆங்கிலத்தில் எழுதியது மட்டும் இருந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. கறிவேப்பிலை என்ற சொல் இருந்த இடத்தில் 11 கேள்விக்குறி. க, ற, அதன் இகரக் குறி, வ, அதன் ஏகாரம், ப, அதன் புள்ளி என்று கணினி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணும், அதனால் 11. ஐயாவின் 214 பதிவும் இப்படித்தான்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மை எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தளத்தில்தான் பெரும்பாலான கருத்துக்களங்கள் ஓடுகின்றன. 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்பு வரை அதில் இயல்பாக இருந்த எழுத்துக் குறியீடு (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) லத்தீன்-1. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. அந்த நிறுவனத்தார் எங்களைக் கேட்காமல் களத்தை மலிவான சர்வருக்கு மாற்றியபோது எல்லாவற்றையும் லத்தீன்-1 அட்டவணைக்குள் கொட்டிவிட்டார்கள். தெரியாத எழுத்து வந்தால் அது கேள்விக்குறியாகவே சேமிக்கப்படும். மேலே குறி போட்ட ஆங்கில எழுத்துகளாக, அர்த்தமில்லாமல் வந்திருந்தால்கூடப் பல நேரம் மீட்கலாம். கேள்விக்குறியாகிவிட்டால் மீட்க எதுவும் மிச்சமில்லை. பழைய சர்வரையும் அழித்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்தால்தான் படிக்க முடியும் என்று களத்தைப் பூட்டி வைத்திருந்ததால், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் எதுவும் இல்லை. கொஞ்சம் திரும்பக் கிடைத்தது மின்னஞ்சல் வழியாகத்தான். புதுப் பதிவு வந்தால் அறிவிப்பு அனுப்பு என்று சிலர் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அந்த அறிவிப்பில் பதிவு முழுவதும் வரும். அழிக்காமல் வைத்திருந்த ஆறு பேரின் ஜிமெயிலிலிருந்து ஐயாவின் 60 பதிவு வரை சேகரித்திருக்கிறோம். மற்றவற்றை ஐயா நினைவிலிருந்து திரும்ப எழுதுகிறார். அவருக்கு வயது 74.

பணத்துக்கு மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்தேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. மனுவுக்கு 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது என் சொந்தப் பெயரில் இருந்தது வசதியாகிப் போனது. அழைப்பாணை போனதும் நிறுவனமே சமரசத்துக்கு வந்து 1,800 ரிங்கிட் திருப்பிக் கொடுத்தது. எழுத்துக்கு யாரிடம் போய் மனு போடுவது?

இப்போது நாங்கள் இருப்பது பி.எச்.பி.பி.பி. (phpBB) என்ற கருத்துக்கள மென்பொருளில். 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற மென்பொருள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற ஜி.பி.எல். உரிமம், ஒரு காசு கிடையாது. பி.எச்.பி. நிரல்மொழியும் மை எஸ்.கியூ.எல்.லும் இருக்கிற, பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங்கில் ஓடும். தோற்றம் கொஞ்சம் பழசுதான், இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு கருத்துக்கள மென்பொருள் அதைவிட நவீனமானது, அதுவும் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறந்த மூலம்தான். ஆனால் பகிர்வு ஹோஸ்டிங்கில் போட முடியாது. டோக்கர் என்ற மென்பொருள் ஓடும் தனி சர்வர், குறைந்தது 1 ஜி.பி. நினைவகம், மின்னஞ்சல் அனுப்பத் தனி ஏற்பாடு என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவர்களே நடத்தித் தரும் சேவையும் உண்டு, டாலரில் மாதக் கட்டணம். ஃப்ளாரம் என்ற மூன்றாவது மென்பொருள் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. எங்களைப் போன்ற 130 பேருக்கு, நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் வேறொருவர் எடுத்து நடத்தக்கூடியது எது என்று மட்டும் பார்த்தோம். தள முகவரி குழுச் செயலாளர் பெயரில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காப்புப்பிரதி எடுத்து, என் அக்கா மகனின் கணினியில் அதை ஏற்றி, ஏதாவது ஒரு பழைய பதிவைத் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பார்க்கிறோம்.

பட்டர்வொர்த் நண்பர்களே, "எங்கள் சொந்த மென்பொருள்" என்று அவர்கள் சொன்னால் அதன் பெயரையும் உரிமத்தையும் எழுத்தில் கேளுங்கள். அடியில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், மூலநிரலைத் திறந்து பாருங்கள். மாதிரித் தளத்தில் நீங்களே தமிழில் பத்துப் பதிவு போடுங்கள். அதை வெளியே எடுத்து உங்கள் கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண் முன்னே "கறிவேப்பிலை" என்று வந்தால் மட்டும் முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றே முழுக் காப்புப்பிரதி ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவர்களோடு மனத்தாங்கல் வருவதற்கு முன்பே.