பி.காம் முடிச்சவங்க இங்கிலீஷ் டீச்சர் ஆகணும்னா: இன்னொரு பி.ஏ.வா, நேரா எம்.ஏ.வா?

பி.காம் முடிச்சு ஆடிட்டர் ஆபீஸ்ல நாலஞ்சு வருஷம் ஓட்டிட்டு, இங்கிலீஷ் எடுக்கப் போகணும், எம்.ஏ. சேரவான்னு கேக்கறவங்க நிறைய. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், யாருக்குப் பாடம் எடுக்கப் போறீங்க?

காலேஜ்னா எம்.ஏ. போதும். ரெண்டே வருஷம், 55 சதவீதம் எடுத்து நெட் (காலேஜ் ஆசிரியர் வேலைக்கான தேசிய தகுதித் தேர்வு) பாஸ் பண்ணிட்டா உதவிப் பேராசிரியர் வேலைக்கு அப்ளை பண்ணலாம், நெட் எழுத யுஜில என்ன மேஜர்னு கேக்கறதில்ல. ஆனா படிப்பு கஷ்டம்ங்க. முதல் செமஸ்டர்லயே 14ஆம் நூற்றாண்டு கவிதைய அந்தக் காலத்து ஸ்பெல்லிங்கோட கையில குடுப்பாங்க, பி.ஏ. படிச்ச பசங்க யாப்பு, இலக்கிய வரலாறுன்னு மூணு வருஷம் பழகிட்டு வந்திருப்பாங்க, நீங்க அத ராத்திரி உக்காந்து தனியா தேத்தணும்.

தமிழ்நாட்டு அரசு ஸ்கூல்னா கதையே வேற. ஆறுல இருந்து பத்து வரைக்கும் எடுக்குற பி.டி. அசிஸ்டண்ட் (பட்டதாரி ஆசிரியர்) வேலைக்கு டிகிரியே அந்த சப்ஜெக்ட்ல இருக்கணும், பி.எட்., டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு எல்லாம் அதுக்கு மேல. சரி, பிஜி டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதி பிளஸ் டூவுக்கு எடுத்துக்கறேன்னு போனா அங்கயும் யுஜி, பிஜி ரெண்டும் ஒரே சப்ஜெக்டா இருக்கணும்பாங்க. பி.காம் மேல எம்.ஏ. இங்கிலீஷ் இருந்தா அது கிராஸ் மேஜர், அதாவது யுஜி ஒரு சப்ஜெக்ட், பிஜி வேற சப்ஜெக்ட். ராப்பகலா படிச்சு நல்ல மார்க் வாங்கி, சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல ஃபைல நீட்டுற இடத்துல இதச் சொல்லித் திருப்பி அனுப்பினா எப்படி இருக்கும்! அதனாலதான் இந்த ஆசை இருக்கறவங்கள பி.ஏ.வே படிங்கன்னு அடிச்சு சொல்றேன். ஒரே வருஷத்துல அடிஷனல் டிகிரின்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க, அது கோர்ட் வரைக்கும் போய் ஆசிரியர் வேலைக்கு செல்லாதுன்னு ஆன விஷயம்.

பி.ஏ.வுக்கு மூணு வருஷம், பி.எட்.டுக்கு ரெண்டு, ஆக அஞ்சு வருஷம் போயிடும். வீட்டுல உங்க சம்பளத்த நம்பி ஆளு இருந்தா இது லேசான முடிவு இல்ல, அப்படிப்பட்டவங்க வேலைய விடாம தொலைதூரக் கல்வியில பி.ஏ. போடலாம், யுஜிசி அனுமதி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. தனியார் ஸ்கூல் போதும்னா எம்.ஏ., பி.எட்.டோட எடுத்துக்கற இடங்கள் இருக்கு, சம்பளம்தான் கம்மி.

எதுவா இருந்தாலும் கடைசியா வந்த டிஆர்பி அறிவிப்ப டவுன்லோட் பண்ணி, கல்வித்தகுதி பக்கத்த ஒரு தடவை வரி வரியா படிச்சிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.