ஃபார்ம் கற்றுத்தராமல் வெயிட் ஏற்றும் ஜிம்மில் பணம் கட்டாதீர்கள்

திருச்சி தில்லைநகர் பக்கம் ஒரு ஜிம்மில் ஜனவரியில் சேர்ந்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வருடச் சந்தா 15,000 ரூபாய். அதற்கு மேல் பர்சனல் டிரெய்னிங் என்று 12 வகுப்புக்கு 7,200. எனக்கு 38 வயது, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதுவரை எடை மாட்டித் தூக்குகிற ராடைக் கையால் தொட்டதே இல்லை. இதையெல்லாம் சொல்லித்தான் பணம் கட்டினேன். எவ்வளவு தூக்குகிறேன் என்பது எனக்கு முக்கியமில்லை, ஃபார்ம், அதாவது தூக்கும்போது உடம்பை வைத்துக்கொள்கிற முறை, சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். "அதுக்குத்தானேக்கா பி.டி., மாஸ்டர் கூடவே நிப்பாரு" என்றார்கள்.

கூடவேதான் நின்றார், கையில் போனோடு. முதல் மூன்று வகுப்பு மெஷின்களில் போனது. நான்காவது வகுப்பில் டெட்லிஃப்ட், தரையில் கிடக்கிற ராடைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்கிற பயிற்சி. அவர் இரண்டு ரெப் (தடவை) செய்து காட்டினார், "முதுகை மட்டும் நேரா வைங்கக்கா" என்று சொல்லி ராடை என்னிடம் விட்டுவிட்டார். அவ்வளவுதான் பாடம். முதுகை நேராக வை என்றால் புதிதாக வருகிறவர்களுக்குச் சுவர்போல் நிமிர்ந்து நிற்பது என்றுதான் புரியும். நானும் நிமிர்ந்தபடியே முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தேன், ராடு முழங்காலில் இடித்தது. இடிக்கிறதே என்றதும் "இன்னும் குனிங்க" என்றார். குனிந்தேன், முதுகு வளைந்தது. அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

ஏழாவது வகுப்பில் பக்கத்துக்கு இரண்டு 10 கிலோ பிளேட் மாட்டினார். "நாற்பதுதான்க்கா, ஒண்ணும் ஆகாது." மூன்றாவது ரெப்பில் இடுப்புக்கு மேலே சுருக்கென்று இழுத்தது. சொன்னேன். "பிடிப்பா இருக்கும், பெல்ட் போட்டுக்கிட்டு இன்னொரு செட் போடுங்க, விட்டுடும்" என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்த ஒரு செட்டின் மேல்தான். வலிக்கிறது என்று சொல்கிற ஒருவரை, பணம் வாங்கிக்கொண்டு நிற்கிற ஒருவர், திரும்பவும் தூக்க வைத்தார்.

அன்று இரவு படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை. காலையில் குனிந்து முகம் கழுவ முடியவில்லை. 11 நாள் லீவு, அந்த 11 நாளும் மகளுக்கு என் அம்மாதான் தலை பின்னிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டுத் தசைப்பிடிப்புதான், ஸ்கேன் தேவையில்லை, படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடங்கள் என்றார். ஆனால் கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிக்கு மட்டும் 4,000 ரூபாய் ஆனது.

ஜிம்முக்குப் போய் மீதி ஐந்து வகுப்புக்கான 3,000 ரூபாயைக் கேட்டேன். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று இருப்பதைக் காட்டினார் முதலாளி. அப்புறம், "உங்களுக்கு முன்னாடியே முதுகுப் பிரச்சினை இருந்திருக்கும்" என்றார். பணம் தராததைவிட இந்தப் பேச்சுதான் வலித்தது.

பிசியோதெரபிஸ்ட்தான் என்னை ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். பழைய லிஃப்டர், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மாலையில் ஐந்தாறு பேருக்குச் சொல்லித்தருகிறார். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ராடு எவ்வளவு நீளம்?" ஏழு அடிக்குக் கொஞ்சம் மேலே என்றேன். "அது மட்டுமே 20 கிலோம்மா. நீ தூக்கினது அறுபது." பெண்களுக்கான ராடு 15 கிலோ, அது வேறு என்றார். என் மாஸ்டர் ராடின் கனத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

அடுத்து பிளேட் எவ்வளவு பெரியது என்று கேட்டார். போட்டியில் போடுகிற பெரிய பிளேட் 45 சென்டிமீட்டர் விட்டம், அதனால் ராடு தரையிலிருந்து 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். நான் தூக்கியவை சின்ன இரும்பு பிளேட்டுகள், அதனால் ராடு அதைவிடத் தாழ்வாகக் கிடந்தது. பழகாத உடம்பு அவ்வளவு கீழே போனால் முதுகு வளையத்தான் செய்யும். இரண்டு பக்கமும் அடியில் கட்டையோ பிளேட்டோ அடுக்கி ராடை உயர்த்தியிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

அவர் மூன்று வாரம் எனக்கு ராடையே தரவில்லை, ஒரு துடைப்பக் குச்சிதான். அதை முதுகோடு நிறுத்திப் பிடிக்க வேண்டும், பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே எலும்பு முடிகிற இடம், மூன்றும் குச்சியைத் தொட்டபடியே குனிய வேண்டும். ஒன்று விலகினாலும் முதலிலிருந்து. "நடவுல நிக்கிற பொம்பளைங்களைப் பார்த்திருக்கியாம்மா? கூன் போடாம இடுப்புல மடியுறாங்க பாரு, அதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. முட்டியை மடக்குவதைவிட இடுப்பைப் பின்னால் தள்ளுவதில்தான் விஷயம் இருக்கிறது. பிறகு ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, காலை ஒட்டியபடியே ஏற வேண்டும், தூக்கும் முன்பு வயிறு நிறைய மூச்சு இழுத்து இறுக்க வேண்டும், குஷன் வைத்த ஓட்டப் பந்தய ஷூவில் நின்று தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். 2018ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய வீடியோவைப் போட்டு, ராடு தரையை விட்டுக் கிளம்புகிற நொடியில் நிறுத்தி முதுகைப் பார்க்கச் சொன்னார். 

நீங்கள் பி.டி.க்குப் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு மட்டும் தனியாகக் கட்டிப் பாருங்கள். வெறும் குச்சியில் தொடங்குகிறாரா, பக்கவாட்டில் நின்று உங்கள் முதுகைப் பார்க்கிறாரா, வலிக்கிறது என்றால் நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். போன் கையில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். வருடச் சந்தா தள்ளுபடியைக் காட்டி அவசரப்படுத்துவார்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். நான் படிக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனு போடக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். ரசீது, டாக்டர் சீட்டு, மாஸ்டரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே ஜிம்மில் அடிபட்டவர்கள் இருந்தால் உங்கள் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

போன வாரம் 30 கிலோ தூக்கினேன், ராடையும் சேர்த்து. வலி இல்லை. அந்த 3,000 ரூபாய் இன்னும் வரவில்லை.