கெர்னல் மாறியதும் வைஃபை போனதா? கார்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 20 இயங்குதளம் போட்டேன். டியூஷன் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தயார் செய்வதெல்லாம் அதில்தான். நன்றாக ஓடியது. கெர்னல் (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) 5.4 போய் 5.15 ஏறிய அன்று மட்டும் வைஃபை காணாமல் போனது.

கடையில் காட்டினேன். "கார்டு போச்சு, மாத்தணும்" என்றார்கள். காசு கொடுக்கும் முன் பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கணினி எழும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தினால் எந்தக் கெர்னலில் ஏற்றுவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும்; 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழையது அப்படியே இருக்கும். 5.4இல் ஏற்றியதும் வைஃபை வந்துவிட்டது. கார்டு நலம், கோளாறு அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில்.

என்னுடைய வைஃபை சிப்பு ரியல்டெக் 8821சிஇ. அதற்கு 5.4 கெர்னலில் டிரைவர் கிடையாது என்பதால் வெளியிலிருந்து ஒன்றை டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டிருந்தேன். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் அதை மூலநிரலிலிருந்து திரும்பக் கம்பைல் செய்யும். ஆனால் கெர்னலின் உள்வேலைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நாம் பயன்படுத்தும் நிரல்கள் உடையக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். வெளி டிரைவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளை போட்டால், 5.4க்கு மட்டும் 'இன்ஸ்டால்டு' என்றது. 5.15க்கு வரியே இல்லை, அதாவது அங்கே டிரைவர் கம்பைல் ஆகவில்லை.

தீர்வு சுலபம். 5.9 முதல் இந்தச் சிப்புக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே உண்டு. வெளி டிரைவரை நீக்கி, கணினியை மறுபடி 5.15இல் ஏற்றினேன், சரியாகிவிட்டது. கெர்னலின் டிரைவரை ஏற்றவிடாமல் தடுக்கும் பிளாக்லிஸ்ட் வரி ஏதும் இருந்தால் அதையும் எடுக்கவேண்டும்.

எங்கள் வீடு தோட்டத்துப் பக்கம், ஃபைபர் கிடையாது. வைஃபை இல்லாத நேரத்தில் காப்பாற்றியது கைப்பேசி இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்தான். கைப்பேசியைக் கேபிளில் செருகினால் போதும், தனி டிரைவர் தேடவேண்டாம்.

அப்புறம் மூடி வைத்தாலும் பேட்டரி கரைந்தது. எந்த உறக்க முறை நடப்பில் உள்ளது என்று காட்டும் 'மெம்_ஸ்லீப்' கோப்பில் அடைப்புக்குறி 'எஸ்2ஐடில்' என்ற லேசான உறக்கத்தின் மேல் இருந்தது. பக்கத்தில் 'டீப்' என்ற ஆழ்ந்த உறக்கமும் இருந்ததால், கிரப் அமைப்பில் அதை இயல்பாக்கினேன். பேட்டரி கரைவது நின்றது.

இப்போது மின்ட் 22, கெர்னல் 6.8. வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் புதியது ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும்வரை பழைய கெர்னலை அழிப்பதில்லை.