திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கக் காசு கட்டும் முன் இதைப் படிங்க

18,500 ரூபாய். இலங்கைக் காசுதான். ஆனால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் ஊர் சுற்றுகிறவனுக்கு அது பெரிய தொகை. இன்றைக்குக் காலையில்தான் போச்சு. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைசியில் உருப்படியாக யோசனைகளும் சொல்கிறேன்.

உப்புவெளிக் கடற்கரையில் படகுச் சுற்றுலாவுக்கு ஆள் பிடிக்கிற கொட்டகைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். நானும் நண்பனும் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அங்கிருந்தவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பேச்சும் விவரமான பேச்சு. தெற்கே மிரிஸ்ஸவில் சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, இந்தக் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் கடல் அடங்கும். இங்கே கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே வருவதால் நீலத்திமிங்கிலம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்றார். எல்லாம் உண்மை, அதுதான் எரிச்சல். "காணாட்டி முழுக் காசும் திருப்பித் தருவன். தமிழ் ஆக்களைத் தமிழ் ஆக்கள் ஏமாத்துவமா தம்பி?" என்று கோணேசர் கோயில் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார்: திமிங்கிலம், புறாத்தீவு (பக்கத்தில் நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே இருக்கிற சின்னத் தீவு), டிக்கெட் எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கு 18,500. அப்படி ஒரு கும்பிடு போட்ட பிறகு யார் பேரம் பேசுவார்கள்?

விடியற்காலையில் படகு வந்தது. லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. நண்பனுக்குக் கிடைத்தது சின்னப் பிள்ளைகள் அளவு, தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. நடுக்கடலில் என்ஜின் இருமிவிட்டு நின்றது. ஓட்டிய பையன் பிளக்கைக் கழற்றிக் கைலியில் துடைத்து மாட்டுகிற வரை படகு ஆடிய ஆட்டத்தில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வாந்தி. திமிங்கிலமும் இல்லை, அதன் வாலும் இல்லை.

கரைக்கு வந்து காசைக் கேட்டால் என்ன பதில் தெரியுமா? "திமிங்கிலம் வந்ததே! நீங்க குனிஞ்சு சத்தி எடுத்துக்கொண்டு இருந்தீங்க. அதுக்கு நான் என்ன செய்யிறது?" பையனைக் கேட்டால் அவன் தலையைத் தூக்காமல் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். ஆதாரம் என்று போனில் வால் படம் ஒன்றைக் காட்டினார். படத்தின் ஓரத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரிக்கிறாள். எங்கள் படகில் ஏது வெள்ளைக்காரி?

சரி, புறாத்தீவாவது பார்ப்போம் என்றால், "டிக்கெட் வேற, படகு வேற தம்பி." காலண்டர் தாளை நீட்டினேன். "அது நான் எழுதினதுதான், ஆனா முதலாளி நான் இல்லை." முதலாளி எங்கே? கொழும்பு போயிட்டாராம். பின்னேரம் வாங்க என்றார். போனால் கொட்டகையில் பூட்டு. வாட்ஸப்பில் ஒற்றை டிக். 18,500 ரூபாய்க்கு ஒற்றை டிக்!

முந்தாநாள் பிரெடரிக் கோட்டையில் ஒரு மான் என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்றது. அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது கும்பிட்டுவிட்டுப் பிடுங்கவில்லை.

யோசனை சொல்கிறேன் என்றேன் இல்லையா. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க. படகையும் ஜாக்கெட் கொக்கியையும் முதல் நாளே பாருங்க. புறாத்தீவு தேசியப் பூங்கா, அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் தனி, வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணமும் வேறு. நிலாவெளிக்கு நேராகப் போய் நீங்களே எடுங்க. அப்புறம் வாந்தி மாத்திரை கட்டாயம், திமிங்கிலம் வரவில்லை என்று சாட்சி சொல்லவாவது தலை நிமிர்ந்திருக்க வேண்டும். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், பஸ்ஸை எடுக்கிறார்கள்.