ஏழு வருட பிரஷ், பிளேடு ஷேவிங்: கழுத்து எரிச்சல் எப்படிப் போனது

ஷேவ் செய்த மறுநாள் கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்பும். சட்டைக் காலர் பட்டாலே எரியும். பல பிளேடு அடுக்கிய தலையை மாட்டும் கார்ட்ரிட்ஜ் ரேஸர் பயன்படுத்திய காலம் முழுக்க எனக்கு இதே பாடுதான். பல பிளேடு ரேஸரில் முன்னால் போகும் பிளேடு முடியைச் சற்று இழுக்கும், பின்னால் வருவது தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். சுருள்முடி அப்புறம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்து குத்தும்.

2018-இல் இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு மாட்டும் ரேஸருக்கு மாறினேன். என்னிடம் இருப்பது ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் தயாராகும் மெர்க்கூர் 34சி. கைக்கு நல்ல கனம். அந்தக் கனமே போதும், நாம் அழுத்தக் கூடாது. இது புரியாமல் பழைய பழக்கத்தில் அழுத்தி, முதல் மாதம் நிறைய ரத்தம் பார்த்தேன். ரேஸரின் தலைப் பகுதியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்ல இறக்க வேண்டும். ஏறக்குறைய 30 டிகிரியில் நிற்கும். அதே சாய்வில் சின்னச் சின்னதாக இழுத்தால் சரி.

ஆனாலும் எரிச்சல் முழுசாகப் போகவில்லை. பிளேடை மாற்றினேன், சோப்பை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு தண்ணீரில்! எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும். மேலே நுரை மாதிரி தெரியும், விரலால் தொட்டால் வறட்டுப் பிசுக்கு. வழுக்கலே இல்லாத அந்த நுரைமேல்தான் இத்தனை நாள் பிளேடை ஓட்டியிருக்கிறேன். இப்போது ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்து லேசாகச் சுடவைத்து, பிரஷை அதில்தான் நனைக்கிறேன். துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் நுரை தயிர் போலப் பளபளப்பாக வரும். குமிழி தெரிந்தால் இன்னும் குழைக்க வேண்டும். இந்த ஒரு டம்ளர் தண்ணீர் செய்த வேலையை விலை உயர்ந்த எந்த சோப்பும் எனக்குச் செய்யவில்லை. குளித்த கையோடு ஷேவ் செய்வதும் முக்கியம். இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் முடி மிருதுவாகிவிடும்.

அடுத்தது முடியின் போக்கு. இரண்டு நாள் தாடியோடு கழுத்தைத் தடவிப் பாருங்கள். எனக்குக் குரல்வளைக்கு வலது பக்கம் முடி காதை நோக்கிப் படுத்திருக்கிறது. நானோ வருடக்கணக்கில் கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது முதல் சுற்று முடியின் போக்கில், இரண்டாவது குறுக்கே, அவ்வளவுதான். எதிர் வாக்கில் கன்னத்தில் மட்டும். கழுத்து கண்ணாடி மாதிரி வழவழப்பாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன், அதில் வருத்தமில்லை.

பிளேடு நான்கு ஷேவ் வரை போகும். இழுக்க ஆரம்பித்தால் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பிரஷ் செயற்கை நார், மழைக்காலத்திலும் சீக்கிரம் காய்கிறது.

முடித்ததும் முகத்தைக் கழுவி, ஈரத்தோடு படிகாரக் கல்லைத் தேய்ப்பேன். சலூனில் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே கல். சின்னக் கீறல்களில் கசியும் ரத்தம் நிற்கும். அதைவிட முக்கியம், எங்கே சுருக்கென்று எரிகிறதோ அங்கே அழுத்திவிட்டோம் என்று அர்த்தம். முன்பு கழுத்து முழுக்க எரிந்தது. இன்று காலையில் இடது தாடைக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில்.